அயர்லாந்தின் அடக்கம்

2013 ஏப்ரலில் அயர்லாந்தின் மத்திய வங்கி ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் நினைவாக ஒரு வெள்ளி நாணயம் வெளியிட்டது. முகமதிப்பு 10 யூரோ, விற்பனை விலை 46 யூரோ, மொத்தம் 10,000 நாணயங்கள். ஜாய்ஸின் முகத்தோடு ‘யுலிசஸ்’ நாவலின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து இரண்டு வாக்கியங்களைப் பொறித்திருந்தார்கள். கடற்கரையில் தனியே நடக்கும் ஓர் இளைஞன், கண்ணில் படும் பொருளெல்லாம் தான் வாசிப்பதற்கென்று இடப்பட்ட கையொப்பங்கள் என்று நினைக்கும் இடம் அது. இரண்டாவது வாக்கியத்தில் ‘தட்’ (that) என்று ஒரு சொல் கூடுதலாக ஏறிவிட்டது. ஜாய்ஸ் அதை எழுதவில்லை.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘தட்’ இருந்தாலும் இலக்கணம் கெடாது, இல்லாவிட்டாலும் கெடாது. சும்மா படித்துப் பார்த்தால் சிக்காத பிழை. மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்சொல்லாக ஒப்பிட்டால்தான் சிக்கும். வங்கி பிழையை ஒப்புக்கொண்டது. வேண்டாதவர்கள் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. கூடவே, இது எழுத்தாளரையும் எழுத்தையும் கலைநோக்கில் காட்டும் முயற்சிதான், அச்சு அசலான மேற்கோள் அல்ல என்று ஒரு சமாதானமும் சொன்னது. வாசிப்பைப் பற்றிய வாக்கியத்தையே சரியாக வாசிக்காமல் வெள்ளியில் அடித்துவிட்டார்கள்.

ஒருவரை ‘நம்மவர்’ என்று சொல்ல ஒரு நாடு அவரைப் படித்திருக்க வேண்டியதில்லை. நாணயம், பாலம், கப்பல், கல்லறை, வரிச் சலுகை என்று அதற்கான சாதனங்கள் தனியாக இருக்கின்றன. அயர்லாந்து இவை எல்லாவற்றையும் கையாண்ட நாடு. அதனால்தான் உரிமை கொண்டாடல் எப்படி நடக்கிறது என்று பார்க்க அது தோதான இடம்.

ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள், நான்கு இலக்கிய நோபல்: யேட்ஸ் 1923, ஷா 1925, பெக்கெட் 1969, ஹீனி 1995. ஐரிஷ்காரர்கள் இதைச் சொல்லும்போது ஒரு பணிவோடு தொடங்குவார்கள்: ‘சின்ன நாடுதான், ஆனாலும்…’ கணக்கின் சூட்சுமம் அந்த ‘சின்ன’வில்தான் இருக்கிறது. பரிசுகளை மக்கள்தொகையால் வகுக்கும்போது, வகுக்கும் எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பெரிதாகும் பெருமை. பணிவும் தம்பட்டமும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்துகின்றன.

தமிழில் அடக்கம் என்றால் பணிவு, புதைப்பதும் அடக்கம்தான், அடக்கிவைப்பது என்ற பொருளும் அந்த வேரிலேயே இருக்கிறது. ஐரிஷ் எழுத்தாளர்கள் விஷயத்தில் மூன்றுமே நடந்திருக்கின்றன.

முதலில் அந்த நான்கைப் பார்ப்போம். பரிசு அறிவிக்கப்பட்டபோது அயர்லாந்தில் குடியிருந்தவர்கள் யேட்ஸும் ஹீனியும் மட்டுமே. ஷா 1876இல், 19 வயதில், லண்டனுக்குப் போனவர். 1950இல் இங்கிலாந்திலேயே இறந்தார். பெக்கெட் பாரிஸ்வாசி; முக்கியமான நாவல்களையும் நாடகங்களையும் முதலில் பிரெஞ்சில் எழுதினார். ஹீனி பிறந்த டெரி மாவட்டம் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. தீவில் பிறந்திருந்தால் போதும் என்று வைத்தால் நால்வரும் தேறுவார்கள். ஆனால் அதே அளவுகோலில் பெல்ஃபாஸ்டில் 1898இல் பிறந்த சி. எஸ். லூயிஸும், டப்ளினில் 1919இல் பிறந்த ஐரிஸ் மர்டாக்கும் ஐரிஷ் எழுத்தாளர்கள்தான். 1968 முதல் 1972 வரை பிரிட்டனின் அரசவைக் கவிஞராக இருந்த சிசில் டே-லூயிஸ்கூட அயர்லாந்தில் பிறந்தவரே. அவரை யாரும் இந்தப் பட்டியலின் முன்வரிசையில் வைப்பதில்லை. அரசிக்குக் கவிஞராக இருந்தவரைக் குடியரசு ‘நம்மவர்’ என்று தோளில் தூக்குவது கொஞ்சம் சங்கடம்.

யேட்ஸ் இந்த விஷயத்தில் நாட்டுக்குப் பெரிய உதவி செய்தார். நோபல் வந்தபோது அவர் புதிதாகப் பிறந்த ஐரிஷ் சுதந்திர நாட்டின் செனட் உறுப்பினர். பரிசு தனக்கு வந்தது தனிமனிதன் என்பதால் அல்ல, ஐரிஷ் இலக்கியத்தின் பிரதிநிதி என்பதால்தான். இது புதிய நாட்டை ஐரோப்பா வரவேற்கும் விதம் என்று வாழ்த்தியவர்களுக்குப் பதில் எழுதினார். தனிமனிதர் அடக்கமாக ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தில் நாடு வந்து உட்கார்ந்தது. பெக்கெட் இதற்கு நேர்மாறு. 1969இல் செய்தி வந்தபோது துனிசியாவில் இருந்தவர் ஸ்டாக்ஹோம் விழாவுக்கே போகவில்லை. பரிசு பெறுபவர் வராவிட்டால் அவர் நாட்டுத் தூதர் வாங்கிக்கொள்வது வழக்கம். பெக்கெட்டுக்காகப் போனவர் அவருடைய பாரிஸ் பதிப்பாளர். இத்தனைக்கும் பெக்கெட் கடைசிவரை ஐரிஷ் பாஸ்போர்ட்தான் வைத்திருந்தார்.

பாஸ்போர்ட் விஷயத்தில் ஜாய்ஸ் எதிர்த்திசை. 1922இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1940இல் ஜெர்மானியர்கள் பிரான்சைப் பிடித்தபோது, நடுநிலை நாடான அயர்லாந்தின் பாஸ்போர்ட் இருந்திருந்தால் குடும்பத்தோடு வெளியேறுவது சுலபமாக இருந்திருக்கும். அமைதிக் காலத்தில் வேண்டாம் என்றதைப் போர்க் காலத்தில் கேட்டு வாங்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். அந்த ஆண்டுக் கடைசியில் எப்படியோ சூரிக் போய்ச் சேர்ந்தார். 1941 ஜனவரி 13 அன்று, குடல்புண் வெடித்து அறுவைசிகிச்சை நடந்தபின், இறந்தார்.

இரண்டு நாள் கழித்து ஃப்ளுன்டர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பெர்னில் இருந்த பிரிட்டிஷ் தூதர் வந்து பேசினார். அதே ஊரில் இருந்த ஐரிஷ் பிரதிநிதி வரவில்லை. டப்ளின் வெளியுறவுத் துறையிலிருந்து அவருக்குப் போன தந்தி பின்னாளில் வெளிவந்தது: இறப்பு விவரங்களை அனுப்பவும், கத்தோலிக்கராக இறந்தாரா என்று முடிந்தால் விசாரிக்கவும், மனைவிக்கு அனுதாபம் தெரிவித்து இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள இயலாததை விளக்கவும். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. இருந்தும் மதத்தைப் பற்றிய கேள்விக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது. 1929இல் வந்த வெளியீட்டுத் தணிக்கைச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியத்தை அமைத்தது. புத்தகத்தின் பொதுப்போக்கு ஆபாசமானது என்று வாரியம் கருதினால் தடை; கருத்தடையை ஆதரித்தாலும் தடை. சட்டம் ‘பொதுப்போக்கு’ என்றுதான் சொன்னது. நடைமுறையில் நடந்தது வேறு. புகார் கொடுப்பவர்களும் சுங்க அதிகாரிகளும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பிய வரிகளே புத்தகத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன. கேட் ஓ’பிரையனின் ‘தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்’ 1941இல் ஒரே ஒரு வாக்கியத்துக்காகத் தடைபட்டது. தன் தந்தையையும் இன்னோர் ஆணையும் ஒரு பெண் காண நேர்வதை நாசூக்காகச் சொல்லும் வாக்கியம் அது. ஷாவின் ஒரு புத்தகம் 1933இல் தடைபட்டது. அப்போது அவர் நோபல் வாங்கி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. பெக்கெட்டின் முதல் கதைத் தொகுப்பு 1934இல், எட்னா ஓ’பிரையனின் முதல் நாவல் 1960இல், ஜான் மக்காஹெர்னின் ‘தி டார்க்’ 1965இல். மக்காஹெர்னுக்குப் புத்தகத்தோடு ஆசிரியர் வேலையும் போயிற்று. 1967இல்தான் ஆபாசத் தடைகள் 12 ஆண்டுகளில் தாமாகக் காலாவதியாகும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

‘யுலிசஸ்’ கதை இதில் விசித்திரமானது. அமெரிக்காவில் 1933 வரை, பிரிட்டனில் 1936 வரை தடையில் இருந்த நாவல் அது. அயர்லாந்தின் வாரியம் அதைத் தடை செய்யவே இல்லை. ‘நாங்கள் தடை செய்யவில்லை’ என்று இன்றைக்கு மார்தட்டுவதற்கு அது வசதியாக இருக்கிறது. யாரும் அதை வாரியத்தின் முன் கொண்டுபோகவில்லை என்பதுதான் காரணம். கடைக்காரர்கள் தருவிக்கவில்லை, தருவித்தால் சுங்கத்தில் சிக்கும் என்ற பயம். தடையாணை இல்லாமலே தடையின் வேலை நடந்தது. அதே நாவலை வைத்து 1967இல் எடுத்த திரைப்படத்தை மட்டும் முறையாகத் தடை செய்தார்கள்; அது நீங்கியது 2000இல்.

1948இல் யேட்ஸின் உடலை அரசு பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜாய்ஸின் மனைவி நோரா, தன் கணவருக்கும் அப்படிச் செய்வார்களா என்று வேண்டியவர்கள் மூலம் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை. அதற்கு அயர்லாந்து கொடுத்த விலை கையெழுத்துப் படிகளில் தெரிந்தது. ‘ஃபின்னிகன்ஸ் வேக்’ நாவலின் கையெழுத்துப் படிகள் ஜாய்ஸை வாழ்நாள் முழுதும் ஆதரித்த ஹாரியட் வீவர் வசம் இருந்தன. டப்ளினிலுள்ள தேசிய நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் அவருக்கு எண்ணம். நோரா கூடவே கூடாது என்றார். அவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. அரை நூற்றாண்டு கழித்து, 2002இல், ஜாய்ஸின் நண்பர் குடும்பத்தில் கிடைத்த வேறொரு கட்டுக் கையெழுத்துப் படிகளை அதே தேசிய நூலகம் 1 கோடியே 26 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது.

வாங்கியதை மக்களுக்குக் காட்டுவதிலும் சிக்கல். 2004 ஜூன் 16, ‘யுலிசஸ்’ நாவலின் கதை நடக்கும் நாளின் நூற்றாண்டு. கண்காட்சி வைக்க நூலகம் தயாரானபோது, பதிப்புரிமை வைத்திருந்த ஜாய்ஸ் குடும்பத்தின் தரப்பு, கையெழுத்துப் படியைப் பொதுவில் காட்டுவதும் உரிமை மீறலாகலாம் என்று எச்சரித்தது. சட்டத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருந்தது உண்மை. கண்காட்சிக்கு முன் நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு திருத்தம் போட்டது: ஒரு படைப்பைக் காட்சிக்கு வைப்பது உரிமை மீறலாகாது. பதிப்புரிமையின் கதையே சுற்றி வளைத்தது. இறந்து 50 ஆண்டு என்ற பழைய விதிப்படி 1991 முடிவில் ஜாய்ஸ் பொதுச் சொத்தானார்; ஐரோப்பிய ஒன்றியம் அதை 70 ஆக்கியதும் 1995இல் மறுபடி குடும்பச் சொத்தானார்; 2011 டிசம்பர் 31இல் கடைசியாக விடுபட்டார். தமிழ்நாட்டில் அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கும் வழி இருக்கிறது. அங்கே அது கிடையாது. நோட்டில் முகத்தை அச்சடிக்க முடிந்த நாட்டுக்குப் பக்கத்தை அச்சடிக்க முடியவில்லை.

நோட்டு என்றதும் ஒரு தகவல். 1970களில் வந்த வரிசையில் 10 பவுண்டில் ஸ்விஃப்ட், 20 பவுண்டில் யேட்ஸ் இருந்தார்கள். 1993இல் 10 பவுண்டுக்கு ஜாய்ஸ் வந்தார். 2002இல் யூரோ வந்ததும் எல்லாரும் இறங்க வேண்டியதாயிற்று. யூரோ நோட்டுகளில் எந்த நாட்டு மனிதரின் முகமும் கிடையாது. கற்பனைப் பாலங்களும் வாசல்களும்தான். எழுத்தாளரைப் பணத்தில் ஏற்ற நினைவு நாணயம் ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அந்த ‘தட்’ பிழையின் பூர்வீகம் இதுதான்.

யேட்ஸுக்கு வருவோம். 1939 ஜனவரி 28 அன்று தெற்கு பிரான்சில் இறந்தார். ரோக்ப்ரூன் என்ற மலையூரில் அடக்கம் செய்தார்கள். இங்கேயே புதைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பத்திரிகைகள் மறந்தபின் தோண்டியெடுத்து அயர்லாந்தின் ஸ்லைகோவில் நட்டுவிடு என்று மனைவியிடம் அவர் சொல்லியிருந்தார். போர் வந்து திட்டத்தைக் குலைத்தது. பிரெஞ்சுக் கல்லறைகளில் இடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வாடகைக்குத் தருவார்கள். காலம் முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொது எலும்புக் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள். யேட்ஸின் எலும்புகள் அங்கே போய் மற்றவர்களுடையதோடு கலந்துவிட்டன. 1948இல் அயர்லாந்து கேட்டபோது, முழுமையான, ஐயமற்ற உடலைத் திருப்பித் தர வழியில்லை என்று பிரெஞ்சு அதிகாரி அறிக்கை கொடுத்தார். உள்ளூர் மருத்துவரைக் கொண்டு ஓர் எலும்புக்கூட்டை ஒருங்கிணைத்துக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன யோசனை. அந்தக் கடிதங்கள் 2015இல் வெளியாயின. பெட்டி ‘மாகா’ என்ற ஐரிஷ் கடற்படைக் கப்பலில் கால்வே துறைமுகம் வந்தது. வெளியுறவு அமைச்சர் ஷான் மக்பிரைட் முன்னிலையில், 1948 செப்டம்பர் 17 அன்று ஸ்லைகோவின் டிரம்க்ளிஃப் தேவாலய முற்றத்தில் அடக்கம் நடந்தது. யேட்ஸ் காலமெல்லாம் காதலித்து, திரும்பத் திரும்பத் திருமணம் கேட்டு மறுக்கப்பட்ட மாட் கானின் மகன்தான் அந்த அமைச்சர்.

உள்ளே யார் என்ற சந்தேகம் இன்றும் பேசப்படுகிறது. பேருந்துகள் வந்து நிற்பது அதனால் குறையவில்லை. கல்லில் உள்ள வரிகள் அவருடையவை, அதில் ஐயமில்லை. உரிமை கொண்டாட எலும்பைவிடக் கல்வெட்டு உறுதியான ஆவணம் போலிருக்கிறது.

உள்ளூர் மாடு விலை போகாது என்பது நம் பழமொழி. அங்கே விலை போகத் தொடங்கியது வெளியூர்க்காரர்கள் சந்தைக்கு வந்தபின். 1950களில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாய்ஸைத் தேடி டப்ளினுக்கு வரத் தொடங்கினார்கள். 1954 ஜூன் 16 அன்று கவிஞர் பாட்ரிக் கவனா, நாவலாசிரியர் ஃபிளான் ஓ’பிரையன் உள்ளிட்ட சிலர் இரண்டு குதிரை வண்டி பிடித்து, ‘யுலிசஸ்’ நாவலின் இடங்களைச் சுற்றக் கிளம்பினார்கள். முழுப் பாதையும் முடியவில்லை, மதுக்கடையில் முடிந்தது. இன்று நாவலின் நாயகன் ப்ளூமின் பெயரால் ‘ப்ளூம்ஸ்டே’ என்று உலகெங்கும் நடக்கும் விழாவின் பிறப்பு அதுதான். அரசுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ப்ளூம் குடியிருப்பதாக வரும் எக்லஸ் தெரு 7ஆம் எண் வீடு 1960களில் இடிபட்டது. அந்த வண்டிப் பயணத்தில் இருந்த ஜான் ரயன் கதவை மட்டும் கழற்றிக் காப்பாற்றித் தன் மதுக்கடையில் நிறுத்தினார். கதவுக்கும் ஒரு விழா எடுத்தார்கள். திறந்துவைக்க வேண்டிய கவனா, ‘இந்தக் கதவு மூடப்பட்டதாக அறிவிக்கிறேன்’ என்றார். கதவு இப்போது டப்ளினில் ஜேம்ஸ் ஜாய்ஸ் மையத்தில் இருக்கிறது, வீடு இல்லை.

அரசு மனம் மாறியதன் எழுத்துபூர்வமான சாட்சி 1969 நிதிச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. அப்போதைய நிதியமைச்சர் சார்லஸ் ஹாகி கொண்டுவந்தது. நாட்டில் வசிக்கும் எழுத்தாளர், இசையமைப்பாளர், ஓவியர், சிற்பி ஆகியோர் தம் படைப்பால் ஈட்டும் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. முன்பு தணிக்கை செய்து விரட்டிய அதே அரசு, இப்போது வரியைத் தள்ளுபடி செய்து கூப்பிட்டது. உச்சவரம்பு கிடையாது என்பதால் நன்றாக விற்கும் வெளிநாட்டு நாவலாசிரியர்களும் குடிவந்தார்கள்.

இது தானாகக் கிடைக்காது. படைப்பின் பிரதியோடு வருவாய்த் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். படைப்பு அசலானதாகவும் ஆக்கபூர்வமாகவும் இருக்கிறதா, பண்பாட்டு மதிப்போ கலை மதிப்போ உண்டா என்று முடிவு செய்வது வருவாய்த் துறை. கலைக் கவுன்சிலும் அமைச்சகமும் சேர்ந்து எழுதிய வழிகாட்டி நெறிகள் அதற்குத் துணை. நாவல், கவிதை, நாடகம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. புனைவல்லாத நூல்தான் இடறும். வாழ்க்கை வரலாறோ தன்வரலாறோ தேற வாய்ப்புண்டு. 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களை ஆராய்ந்து எழுதியதும் வரலாம். பாடநூலும், பத்திரிகைக் கட்டுரையும், விளம்பர வாசகமும் வரவே வராது. விலக்கு வருமான வரிக்கு மட்டும்தான். சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பும் பிற சமூக வரியும் கட்டியாக வேண்டும். ஆண்டுக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்.  வரம்பற்ற சலுகைக்கு 2007இல் ஆண்டுக்கு 2,50,000 யூரோ என்று எல்லை போட்டார்கள். நிதி நெருக்கடி வந்ததும் 2011இல் அது 40,000 ஆனது, 2015இல் 50,000. ஒரு வரி அதிகாரி கவிதைக்குக் கலை மதிப்பு உண்டா என்று கோப்பில் எழுதுவது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் 1941இல் ஒரு வாக்கியத்தைக் கோடிட்டுத் தடை செய்த வாரியத்தோடு ஒப்பிட்டால், அந்த அதிகாரி எவ்வளவோ மேல்.

1981இல் ஆஸ்டானா என்ற கலைஞர் அவை வந்தது. உறுப்பினர் எண்ணிக்கை அதிகபட்சம் 250, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 2022இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. புகழ் வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஆதரிப்பது என்ற வகையில் பழைய பழக்கத்துக்கு இது மாறானது.

பழைய பழக்கம் எட்னா ஓ’பிரையனின் வாழ்வில் ஒரு சுற்று முழுமையாக வந்தது. 1960இல் முதல் நாவல் தடை. வாழ்நாளில் பெரும்பகுதி லண்டனில். 2015இல் ஆஸ்டானாவின் உச்ச விருதான ‘ஸீ’. அதை வழங்கியவர் நாட்டின் குடியரசுத் தலைவர். 2024 ஜூலையில் இறந்தார். கிளேர் மாவட்டத்தில் சொந்த ஊர் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு, குடியரசுத் தலைவரும் வந்திருந்தார். பிறகு உடலை ஏரி நடுவே உள்ள புனிதத் தீவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். தடைக்கும் விருதுக்கும் இடையே 55 ஆண்டுகள்.

உரிமை கொண்டாடலுக்கு எதிர்த்தரப்பும் உண்டு. 1982இல் வந்த ஒரு பிரிட்டிஷ் சமகாலக் கவிதைத் தொகுப்பு ஹீனியை முதல் இடத்தில் வைத்தது. அடுத்த ஆண்டு அவர் செய்யுளிலேயே ஒரு திறந்த மடல் எழுதினார்: என் பாஸ்போர்ட் பச்சை, எங்கள் வீட்டுக் கோப்பை எதுவும் அரசியின் நலத்துக்காக உயர்ந்ததில்லை என்ற பொருளில். பச்சை என்றது அன்றைய ஐரிஷ் பாஸ்போர்ட்டின் அட்டை. தொகுத்தவர்கள் அவரை அவமதிக்கவில்லை, கௌரவித்தார்கள், சிக்கலே அதுதான். வட அயர்லாந்தின் மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 உடன்படிக்கைக்குப் பின் அங்கே பிறந்தவர் தன்னை ஐரிஷ், பிரிட்டிஷ், அல்லது இரண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டச் சிக்கல் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. 2018இல் பெல்ஃபாஸ்டின் ஆனா பர்ன்ஸ் புக்கர் வென்றபோதும் இரு பக்கமும் தத்தம் பெயரில் அவரை வரவு வைத்தன.

2013 ஆகஸ்ட் 30 அன்று ஹீனி இறந்தார். இரண்டு நாள் கழித்து டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் கெரிக்கும் கேலிக் கால்பந்து அரையிறுதி. ஆட்டத்துக்கு முன் 80,000க்கு மேற்பட்டோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கவிஞருக்காகக் கால்பந்து ரசிகர்கள். இந்தக் கட்டுரையில் பார்க்கும் மற்ற கௌரவங்களோடு சேர்க்க முடியாதது இது. எந்தத் துறையும் அதற்கு ஏற்பாடு செய்ய முடியாது. அவர் சொந்த ஊரான பெல்லகியில் 2016இல் திறந்த நினைவு மையம், முன்பு காவல் நிலையம் அரணிட்டு நின்ற இடத்தில் எழுந்தது.

கப்பல்களைச் சொல்லாமல் விட முடியாது. ஐரிஷ் கடற்படை நெடுங்காலம் தொன்மக் கதைகளின் பெண்கள் பெயரையே வைத்துவந்தது: டெய்ட்ரெ, எமர், ஈஃபா, எத்னெ. 2014இல் வந்த 90 மீட்டர் ரோந்துக் கப்பலுக்குச் சாமுவேல் பெக்கெட் என்று பெயர். அடுத்து ஜேம்ஸ் ஜாய்ஸ், வில்லியம் பட்லர் யேட்ஸ், ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. மரபை உடைக்கிறார்கள் என்று அன்று முணுமுணுப்பு எழுந்தது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் போய் நின்றால் ஜாய்ஸை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, எமரை அறிமுகம் செய்ய வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். வெளியூரில் தெரிந்தவரே உள்ளூரில் பெரியவர் என்ற பழைய கணக்கு மறுபடியும். 2015இலும் 2016இலும் பெக்கெட் மத்தியதரைக்கடலில் அகதிகளை மீட்கும் பணியில் இருந்தார், 2016இல் ஜாய்ஸும். ‘பெக்கெட் இத்தனை பேரைக் காப்பாற்றினார்’ என்று செய்தியில் படிக்க ஒரு மாதிரி இருந்தாலும், மனித உயிர் கரையேறியது உண்மை.

இந்த நான்கு கப்பல்களும் கட்டப்பட்டது இங்கிலாந்தில், டெவன் கடற்கரையின் ஆப்பிள்டோர் தளத்தில். லிஃபி ஆற்றின் மேல் 2003 ஜூன் 16 அன்று திறந்த ஜாய்ஸ் பாலத்தின் எஃகு பெல்ஃபாஸ்டில் உருவானது. 2009இல் திறந்த பெக்கெட் பாலத்தை ராட்டர்டாமில் கட்டிக் கடல்வழியே இழுத்து வந்தார்கள். எழுத்தாளர்களைப் போலவே அவர்கள் பெயர் தாங்கியவையும் வெளியே உருவாகி ஊர் வந்து சேர்ந்தவை.

சேராதவர்களும் உண்டு. அதில் ஒருவருடைய பாதை சென்னை வழியே போகிறது. பெல்ஃபாஸ்டில் 1873இல் பிறந்த ஜேம்ஸ் கசின்ஸ், ஐரிஷ் மறுமலர்ச்சியில் பேர்பெற்ற கவிஞர். 1904 ஜூனில் தங்க இடமில்லாமல் அலைந்த இளம் ஜாய்ஸுக்குச் சில நாள் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் அவர். பின்னாளில் ஜாய்ஸ் ஓர் அங்கதப் பாட்டில் அவரையும் சேர்த்து வாரினார். கசின்ஸ் 1915இல் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகைக்காக மனைவி மார்கரெட்டோடு சென்னை வந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியைப் புகழ்ந்து எழுதி அந்த வேலையை இழந்தார். மதனப்பள்ளியில் கற்பித்தார், திருவிதாங்கூர் அரண்மனைக்குக் கலை ஆலோசகராக இருந்தார், 1956இல் மதனப்பள்ளியிலேயே இறந்தார். 1919இல் தாகூர் அங்கே வந்திருந்தபோது ‘ஜன கண மன’வுக்கு இசைக் குறிப்பு எழுதியவர் மார்கரெட். டப்ளினில் கசின்ஸ் பெயரில் கப்பலும் இல்லை, பாலமும் இல்லை. உலகம் சான்றிதழ் தராதவரை ஊர் தேடிப் போவதில்லை.

2019 அக்டோபரில் டப்ளின் நகராட்சியில் ஒரு தீர்மானம் வந்தது: ‘யுலிசஸ்’ நூற்றாண்டான 2022க்குள் ஜாய்ஸின் உடலை ஊருக்குக் கொண்டுவர அரசைக் கேட்க வேண்டும். இதற்குக் குடும்பத்தின் சம்மதமும் சூரிக் நகரத்தின் ஒப்புதலும் வேண்டும். சூரிக் 1966இலேயே அவரை நல்ல இடத்துக்கு மாற்றி, நோராவையும் பக்கத்தில் சேர்த்து, சிலையும் வைத்துக் கௌரவக் கல்லறை ஆக்கியிருந்தது; கேட்டவுடன் கொடுக்க அவர்களுக்கு அவசியம் எதுவும் இல்லை. 2020 ஜனவரியில் ஜாய்ஸின் பேரன் இறந்தார்; நேர்வாரிசு வேறு யாரும் இல்லை. ஒரு காலத்தில் மனைவி கேட்டு அரசு மறுத்தது. இப்போது அரசு கேட்கலாம் என்றால் கேட்பதற்குக் குடும்பம் இல்லை. 2022 வந்துபோனது. ஃப்ளுன்டர்ன் கல்லறைக்குப் பக்கத்தில்தான் சூரிக் மிருகக்காட்சிசாலை. பார்க்க வருகிறவர்களிடம் நோரா சொல்வாராம், அவருக்குச் சிங்கம் என்றால் பிரியம், படுத்தபடி அதன் கர்ஜனையைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று.